சிங்கவால் குரங்கைக் காப்பாற்றினால் சோலைக்கிளியும் தப்புமா?

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பாடும் பறவையையும் ஒரு குரங்கையும் எடுத்துக்கொண்டு வகைப்பாடு, வாழிடம், பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் ஒப்பிட வேண்டும். மாணவர்கள் நீலகிரி சோலைக்கிளியையும் சிங்கவால் குரங்கையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை, இரண்டும் சிவப்புப் பட்டியலில் 'அருகிவரும் இனம்' என்ற ஒரே தட்டில் இருக்கின்றன. ஆகவே, 'சிங்கவால் குரங்கின் காட்டைக் காப்பாற்றினால் சோலைக்கிளியும் தானாகவே காப்பாற்றப்பட்டுவிடும்' என்று முடிவுரை எழுதலாமா என்பது உங்கள் கேள்வி. மூன்று தலைப்புகளிலும் தகவல் கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த ஒரு வாக்கியம் நிற்குமா என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். விலங்கியல் படித்து, நீலகிரியிலும் ஆனைமலையிலும் பறவைக் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் நடந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பறவை என் துறை. குரங்கைப் பற்றி நான் சொல்வதில் பாதி நேரில் கண்டது, மீதி அத்துறை ஆய்வாளர்களிடம் கற்றது.

வகைப்பாட்டை முதலில் முடித்துவிடுவோம். குரங்கு பாலூட்டிகளில் முதனி வரிசையைச் சேர்ந்தது. பழைய உலகக் குரங்குகளின் குடும்பம், மக்காக்கா பேரினம், சைலீனஸ் சிற்றினம். 1758-லேயே லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். கோயில் வாசலிலும் ரயில் நிலையத்திலும் நாம் பார்க்கும் நாட்டுக்குரங்கும் இதே மக்காக்கா பேரினம்தான். அதனால் இரண்டும் நெருங்கிய உறவு என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். அது தவறு. சிங்கவால் குரங்கின் நெருங்கிய சொந்தங்கள் தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்குகள். நாட்டுக்குரங்கின் சொந்தமோ இலங்கையின் செங்குரங்கு. ஒரே மலையில் அடுத்தடுத்து வாழும் இரண்டும் பேரினத்துக்குள் தனித்தனிக் கிளைகளைச் சேர்ந்தவை.

சோலைக்கிளியின் பெயரில் கிளி இருக்கிறதே தவிர அது கிளி வகை அல்ல. உலகப் பறவை இனங்களில் பாதிக்கு மேல் அடங்கிய பாசரின் வரிசையில், பாடும் பறவைகள் என்ற பிரிவில், ஈப்பிடிப்பான் குடும்பத்தில் வருகிறது. சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், மேலே கருநீலச் சாம்பல், வயிற்றோரம் செம்பழுப்பு, நீண்ட கால்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பறவையியலாளர் ஜெர்டன் இதை விவரித்த பிறகு, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு பேரினமாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பழைய கையேடுகளில் இமயமலைக் குட்டைச்சிறகன்களோடு சேர்த்திருப்பதைப் பார்ப்பீர்கள். 2017-இல் வி.வி. ராபின் குழுவினர் மரபணுவை ஒப்பிட்டு, இது அந்தக் கூட்டத்தில் சேராது, இந்த மலைகளிலேயே தனியாக உருவான ஒரு கிளை என்று காட்டி, ஷோலிகோலா என்ற புதிய பேரினத்தையே ஏற்படுத்தினார்கள். அதில் மூன்று சிற்றினங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதுதான் நீலகிரி சோலைக்கிளி. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைப் பக்கம் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலையில் மூன்றாவது.

இந்த இடத்தில் மாணவர்களைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கச் சொல்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். சிறகுள்ள ஒரு பறவை அதைத் தாண்டவில்லை. தாண்டாமல் இருந்த காலம் எவ்வளவு நீண்டது என்றால், இரு பக்கமும் வெவ்வேறு சிற்றினமாகவே பிரிந்துவிட்டன. சிங்கவால் குரங்கு இரு பக்கமும் இருக்கிறது. இரு பக்கமும் ஒரே சிற்றினம்தான் என்றாலும், மரபணுவை ஆராய்ந்தவர்கள் கணவாய்க்கு வடக்கே ஒரு கிளையும் தெற்கே ஒரு கிளையும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இதுவரை சொன்னது எல்லாம் உறுதியானது. சிற்றினம் என்று எந்தக் கோட்டில் பிரிப்பது என்பதில்தான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு வரும். தென்கோடிச் சோலைக்கிளியைத் தனிச் சிற்றினமாக ஏற்காமல் துணை இனமாக வைக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. மாணவர்கள் மூன்று என்றே எழுதலாம். ஆனால் அது அறிஞர்கள் எடுத்த முடிவு, கையில் அளந்து பார்த்த நீளம் போன்றதல்ல என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

வகைப்பாட்டில் இன்னொரு வேறுபாடு பின்னால் பாதுகாப்புக்கு வரும்போது தேவைப்படும். குரங்கின் குரல் பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது. பாடும் பறவையின் பாட்டு கற்றுக்கொள்வது. குஞ்சு சுற்றியுள்ள வளர்ந்த பறவைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் தன் பாட்டை அமைத்துக்கொள்கிறது. யாரிடம் கேட்கிறது, எத்தனை பேரிடம் கேட்கிறது என்பது காட்டின் அளவைப் பொறுத்தது.

வாழிடத்துக்கு வருகிறேன். உங்கள் மாணவர்களின் முடிவுரை இடறுவது இங்கேதான். இரண்டையும் 'மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடு' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம், பாடநூலும் அப்படித்தான் எழுதும். ஆனால் அந்த மலையை உயரம் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு மாடிகளில் குடியிருக்கின்றன. சிங்கவால் குரங்குக்குத் தேவை மழைக்காடு. பெரும்பாலும் 1,300 மீட்டருக்குக் கீழே, கிளையோடு கிளை கோத்து நிற்கும் உயரமான மரங்கள். பழம், விதை, பூந்தேன், பூச்சி, சிறு பிராணி எல்லாம் தின்னும். முள் போர்த்த காய் காய்க்கும் குலேனியா மரம், வெடிப்பலா என்பார்கள், இதற்கு முக்கியமான உணவு. மற்றப் பழங்கள் குறைந்த மாதங்களில் அதன் பூவும் விதையும்தான் கைகொடுக்கும். வருடம் முழுவதும் ஏதாவது ஒரு மரம் பழுத்திருக்க வேண்டும் என்பதால் பரந்த இடம் வேண்டும். இயல்பான காட்டில் 10 முதல் 20 வரையுள்ள ஒரு கூட்டம் ஒன்று முதல் ஐந்து சதுர கிலோமீட்டர் வரை சுற்றி வரும்.

சோலைக்கிளியின் இடம் அதற்கு மேலே. சுமார் 1,400 மீட்டருக்கு மேல் போனால் மழைக்காடு தணிந்து, மலை மடிப்புகளில் மட்டும் குட்டை மரங்களாக ஒடுங்கி, சுற்றிலும் புல்வெளி விரியும். அந்த மடிப்புக் காடுதான் சோலை. உள்ளே போனால் நண்பகலிலும் அந்தி போல இருக்கும். மரத்தண்டெல்லாம் பாசி, காலடியில் மக்கிய சருகு, குறிஞ்சிச் செடிகளின் அடர்த்தி, எங்கோ ஓர் ஓடையின் சத்தம். சோலைக்கிளி அந்தச் சருகின் மேலேயே வாழ்கிறது. இரண்டு தாவல் தாவும், நிற்கும், தலையைச் சாய்க்கும், ஓர் இலையைப் புரட்டிப் பூச்சியை எடுக்கும், மறுபடி தாவி இருளுக்குள் போய்விடும். சோலையை விட்டுப் புல்வெளிக்கு வந்து நின்று நான் பார்த்ததில்லை. கூடு மரப்பொந்திலோ மண்மேட்டின் குழியிலோ இருக்கும், வழக்கமாக இரண்டு முட்டை. நீலகிரியைத் தவிர வயநாட்டின் பாணாசுரமலை, கர்நாடகத்தின் பாபாபூதான் மலை போன்ற சில உச்சிகளில் இருக்கிறது. இந்த உச்சிகளுக்கு இடையே உள்ள தாழ்வான நிலம் இந்தப் பறவைக்குக் கடல் மாதிரி.

இரண்டும் ஒரே சரிவில் மேலும் கீழுமாக இருப்பதைக் காண கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைவிடச் சிறந்த இடம் இல்லை. அங்கே ஓடும் குந்திப்புழை ஆறு நீலகிரியின் உயர்ந்த புல்வெளியில் பிறந்து தெற்கே இறங்குகிறது. தேசியப் பூங்காவின் உயரம் ஏறத்தாழ 660 மீட்டரில் தொடங்கி 2,383 மீட்டரில் அங்கிண்டா சிகரத்தில் முடிகிறது. கீழ்ப்பாதி குரங்கின் காடு. மேல் விளிம்பில் உள்ள சோலைகள் சோலைக்கிளியின் காடு. அந்த விளிம்பைத் தாண்டினால் தமிழ்நாட்டின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா. கேரள மின் வாரியம் 1970-களில் இங்கே அணை கட்ட முனைந்தபோது எழுந்த எதிர்ப்பில் சிங்கவால் குரங்குதான் முகமாக நின்றது. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் எழுத்தாளர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு 1984-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இந்த ஓரிடத்தைப் பொறுத்தவரை உங்கள் மாணவர்களின் வாக்கியம் சரி. குரங்குக்காகக் காத்த காட்டின் மேல் விளிம்பில் பறவையும் பயன்பெற்றது. சரிவு அறுபடாமல் கீழிருந்து மேல்வரை ஒரே பாதுகாப்பில் இருந்ததால் அது நடந்தது.

மற்ற இடங்களில் அப்படி இல்லை. களக்காடு சரணாலயம் 1976-இல் சிங்கவால் குரங்கை முன்னிட்டே அமைந்தது. அங்கே நீலகிரி சோலைக்கிளி கிடையாது, அது கணவாய்களுக்கு அப்பால் உள்ள பறவை. கர்நாடகத்தில் 2011-இல் அகநாசினி பள்ளத்தாக்கில் சிங்கவால் குரங்குக்காகவே சுமார் 300 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். குரங்குக்கு மிகச் சிறந்த இடம், ஆனால் அது தாழ்வான மலை, சோலைக்கிளிக்கு அங்கே வேலையே இல்லை. மறுபுறம் நீலகிரி மேட்டுநிலத்தில் உதகையைச் சுற்றியுள்ள சோலைகளில் பறவை இருக்கிறது, சிங்கவால் குரங்கு இல்லை. குரங்கின் பெயரால் எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் அந்தச் சோலைகளுக்கு ஒரு வேலி கூட வராது.

பட்டியலில் ஒரே தட்டு என்பதையும் திறந்து பார்க்க வேண்டும். சிவப்புப் பட்டியலை வெளியிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயுசிஎன்) ஓர் இனத்தை 'அருகிவரும் இனம்' என்று வைக்க ஐந்து அளவுகோல்கள் வைத்திருக்கிறது, அதில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். சிங்கவால் குரங்கு வந்தது தலைக்கணக்கின் வழியாக. காட்டில் மொத்தமே 4,000-க்கும் குறைவு என்பது மதிப்பீடு. இனப்பெருக்க வயதில் உள்ளவை 2,500-க்கும் குறைவாக, பிரிந்து கிடக்கும் ஒவ்வொரு தொகுதியிலும் 250-ஐத் தாண்டாமல், மேலும் குறைந்துகொண்டும் இருந்தால் அந்த அளவுகோல் பொருந்தும். சோலைக்கிளி வந்தது பரப்பின் வழியாக. பரவியிருக்கும் எல்லை 5,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, அதுவும் துண்டு துண்டானது, தரம் தேய்ந்துவருவது. சோலைக்கிளியை யாரும் தலை எண்ணிக் கணக்கெடுத்ததில்லை. இருளில் வாழும், பாடும்போது மட்டும் அகப்படும் பறவையை அப்படி எண்ணவும் முடியாது. ஆகவே எது அதிக ஆபத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒன்று தலைகள் குறைந்ததால் வந்தது, மற்றொன்று இடம் குறைந்ததால் வந்தது.

ஆபத்தின் தன்மையும் வேறு. குரங்கின் சிக்கல் மெதுவாகப் பெருகுவது. பெண் குரங்கு ஆறு வயதுக்கு மேல்தான் முதல் குட்டி போடும், அடுத்தடுத்த குட்டிகளுக்கு இடையே இரண்டரை, மூன்று ஆண்டுகள். ஒரு தாய் வண்டியில் அடிபட்டால் அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு கூட்டத்துக்கு வெகுகாலம் ஆகும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருக்கும், ஆண்கள்தான் வெளியேறி வேறு கூட்டம் தேடும். நான்கு பக்கமும் தேயிலையாகிவிட்டால் ஆணுக்குப் போக வழியில்லை, உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கும். வால்பாறைக்கு அருகே புதுத்தோட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காட்டுத் துண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கவால் குரங்குகள். காட்டை நடுவே சாலை அறுக்கிறது. மரங்கள் இணையாத இடங்களில் சாலைக்கு மேலே பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒருமுறை கீழே நின்று பார்த்தேன். வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய் பாலத்தின் முனைக்கு வந்து, கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, கீழே போன லாரி ஓயும்வரை காத்திருந்து கடந்தது. அதன் பின்னால் வந்த இளவட்டங்கள் பாலத்தைச் சட்டை செய்யாமல் தார்ச்சாலையிலேயே இறங்கி நடந்தன. சாலையில் வண்டிகளை மெதுவாக ஓட்டச் சொல்ல ஆட்களை நிறுத்தியிருப்பது அதனால்தான். பாலம் மட்டும் போதாது, ஆளும் வேண்டும். வீட்டுக்குள் புகுந்து தின்னப் பழகிய குரங்குகளுக்கு இரண்டும் போதாது. குப்பைத்தொட்டியை மூடாதவரை அவை தரையிறங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த நடவடிக்கைகளில் ஒன்றுகூடச் சோலைக்கிளிக்கு உதவாது. அதற்குப் பாலம் கட்ட முடியாது. சோலையைச் சுற்றியிருந்த புல்வெளியில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) தேயிலையும் வந்ததால், துண்டுகளுக்கு இடையே இருந்த உறவே மாறிவிட்டது. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கணவாய்க்குத் தெற்கே உள்ள வெண்வயிற்றுச் சோலைக்கிளியில், மனிதர் காட்டை வெட்டிப் பிரித்த இடங்களில் மரபணுக் கலப்பு குறைந்திருப்பதையும் ஆய்வு கண்டிருக்கிறது. பாட்டும் அப்படித்தான். பழங்காலக் கணவாய்கள் பிரித்த பறவைகளின் பாட்டில் உள்ள வேறுபாடு ஒரு விதம், அண்மைக்காலக் காட்டழிப்பு பிரித்த பறவைகளின் பாட்டில் உள்ள வேறுபாடு வேறு விதம். மேலே சொன்னேனே, குஞ்சு கேட்டுக் கற்கிறது என்று. துண்டில் இருக்கும் குஞ்சுக்கு அந்தத் துண்டின் பாட்டு மட்டுமே காதில் விழும். பாட்டு வெகுவாக விலகிப்போனால் பக்கத்துச் சோலைப் பறவையோடு இணை சேர்வதே பாதிக்கப்படலாம். இந்தக் கடைசி வரி தர்க்கத்தால் வருவது, நிரூபிக்கப்பட்டதாக எழுத வேண்டாம். வெப்பம் உயர்ந்தால் மலையுச்சிப் பறவைகளுக்கு ஏறிப் போக மேலே இடமில்லை என்பதும் அதே வகை. தொட்டபெட்டா 2,637 மீட்டரோடு நின்றுவிடுகிறது என்பது உண்மை, பறவை எப்போது எவ்வளவு பாதிக்கப்படும் என்பது கணிப்பு.

சட்டத்தில் குரங்குக்கு உயர்ந்த இடம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் முதல் இணைப்பு, வண்டலூர் உட்படப் பூங்காக்களில் இனப்பெருக்கத் திட்டம் எல்லாம் அதற்கு உண்டு. சோலைக்கிளிக்குக் காட்டைத் தவிர வேறு புகலிடம் இல்லை.

அப்படியானால் சோலைக்கிளிக்குக் குடை பிடிப்பது யார்? என் அனுபவத்தில் தண்ணீர். கோத்தகிரிக்கு அருகே லாங்வுட் சோலை இருக்கிறது. வெறும் 116 ஹெக்டேர், சதுர கிலோமீட்டரில் 1.16. ஒரு சிங்கவால் குரங்குக் கூட்டத்துக்கே அது இறுக்கமான இடம். சோலைக்கிளிக்கோ அது உயிருள்ள வாழிடம். சுற்றிலும் ஊரும் தேயிலையும் நெருக்கும்போது அது தப்பியதற்குக் காரணம், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அங்கிருந்து குடிநீர் வருவதும், அதை உணர்ந்த உள்ளூர் மக்கள் குழு அமைத்துக் காவல் காத்ததும். 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் ஈரநிலமாகவே சேர்க்கப்பட்டது, சோலைக்கிளியும் அந்த அறிவிப்பில் இடம்பெற்றது. சிறிய சோலைகளைக் காப்பதற்குக் குரங்கின் புகழைவிட ஓடையின் பெயர் அதிகம் உதவும் என்று நான் நம்புகிறேன். இது என் கருத்து, ஆய்வு முடிவு அல்ல.

ஆகவே முடிவுரையை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: 'மலைச்சரிவு கீழிருந்து உச்சிவரை அறுபடாமல் காக்கப்பட்ட இடத்தில் குரங்கின் பாதுகாப்பு பறவைக்கும் பயன்படும், மற்ற இடங்களில் சோலைகளுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும்.' இதில் நான் தொடாத பகுதி நோய்கள். நகரத்தை ஒட்டி வாழும் குரங்குகளுக்கு மனிதரிடமிருந்து தொற்றும் நோய்கள் பற்றி வன விலங்கு மருத்துவர் ஒருவரிடம் கேளுங்கள், அதில் எனக்குப் பயிற்சி இல்லை.

மாணவர்களை அழைத்துப் போவதானால் குரங்குக்கு வால்பாறை. உணவு கொடுக்காமல், வண்டியை விட்டு இறங்கிக் கூட்டமாகச் சூழாமல் பார்க்க வேண்டும். பறவைக்குக் கோடையின் தொடக்கத்தில் லாங்வுட் சோலை, வனத்துறை அனுமதியோடு, விடியும் முன்பே. அட்டைக்கடிக்குத் தயாராகப் போங்கள். கைப்பேசியில் பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது, அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டதாக எண்ணி ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அந்தக் கருவியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் அது குஞ்சின் பசியில் போய் முடியும்.